சிவப்பை எடுத்துவிட்ட படம்

தம்பி,

நீ கோபத்தோடு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் ஐயா அதை வாசற் படலையடியில் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்ததும் என் கையில் தந்து, "நீயே பதில் எழுது, எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். தகப்பனுக்கு ஏலாதது தாய்க்கு மட்டும் ஏலுமா என்று அவர் யோசிக்கவில்லை. விடியவே களை பிடுங்கப் போனேன். குனிந்த முதுகு இன்னும் நிமிரவில்லை. மத்தியானச் சோறு முடிந்து, குசினியைக் கூட்டிவிட்டு, இப்போதுதான் இந்தக் கதிரையில் வந்து இருந்தேன். அக்கா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படவில்லை. அவளுக்குத் தெரியாமல் எழுதுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

நீ கேட்டிருக்கிறாய்: வேண்டாம் என்று எழும்பிப் போன மாப்பிள்ளை தானாகத் திரும்பி வந்து கேட்டபோது, அக்கா எப்படி மாட்டேன் என்று சொல்லலாம், அதை நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், உங்களுக்கெல்லாம் என்ன பேய் பிடித்திருக்கிறது என்று. கோபத்தில் கேட்டாலும் கேட்க வேண்டிய கேள்விதான். நீ கொழும்பில் கந்தோர் வேலையில் இருக்கிறாய். இங்கே நடந்தது உனக்குத் தரகர் சொல்லித்தான் தெரியும். தரகர் தான் கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பார். நான் பார்த்ததை எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீ என்ன நினைத்தாலும் சரி, திரும்பவும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் அக்கா யோகம் பிறந்தபோது அவளைக் கழுவித் துடைத்து என் பக்கத்தில் கிடத்திய மருத்துவிச்சி, துணித் தலைப்பை இழுத்து ஒரு கன்னத்தை மூடிவிட்டாள். குழந்தையின் இடது கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கன்னம் முழுவதும் படர்ந்து கழுத்து வரை இறங்கியிருந்தது அந்தச் சிவப்பு. நான் கிரகணத்தில் வெளியே வந்திருப்பேன் என்று ஊரில் கதைத்தார்கள். நான் வந்தேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனால் ஊரே சொல்லும்போது வந்துதான் இருப்பேன் என்று நானும் நம்பினேன். கோயிலுக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவளை என் இடுப்பில் வலது கன்னம் வெளியே தெரியும்படிதான் வைத்துக்கொள்வேன். உன் ஐயா இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னபோது, காடு என்றார்கள், யானை என்றார்கள், காய்ச்சல் என்றார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அங்கே ஆட்கள் குறைவு என்பதுதான் என் காதில் விழுந்தது. வந்த புதிதில் குடும்பம் குடும்பமாகக் காய்ச்சலில் கிடந்தோம். நடுங்கிக்கொண்டு கிடந்தவர்கள் யாருடைய முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. அந்த ஒரு காலத்தில்தான் அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்.

நீ அவளைவிட இளையவன் என்றாலும் அவளுக்காக நீ பட்டதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் அவளைப் பழித்த பெடியனை வாய்க்காலுக்குள் தள்ளி விழுத்திவிட்டு, அவனுடைய தகப்பன் வந்து உன்னை அடித்தபோதும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நின்றவன் நீ. ஆகவே, நீ அக்காவுக்குக் கெடுதல் நினைத்தாய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்க வவுனியாவில் இருந்து ஒருவர் வந்தது உனக்குத் தெரிந்திருக்காது, அப்போது நீ சின்ன வகுப்பு. அவருடைய படத்தில் அக்காவின் கன்னம் கரி அள்ளிப் பூசியது போல இருந்தது. சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும், பிலிம் அப்படி என்று அவர் சொன்னார். அது அவருடைய பிழை இல்லை. ஆனால் அக்கா அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசியால் தன்னுடைய முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு கீறல் விழவில்லை, அவ்வளவு கவனமாகச் செய்திருந்தாள். அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவாள்.

உன் கந்தோர் நண்பர் சீமையில் படித்துவிட்டு வந்து, உன்னோடு இங்கே குளம் பார்க்க வந்தாரே, அவர்தான் அதை மாற்றினார். அணைக்கட்டில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம். அக்கா அந்தச் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். அவர் படம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது, வழக்கம்போல வலது கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவர் திரும்பு என்றும் சொல்லவில்லை, சிரி என்றும் சொல்லவில்லை. நீ கல்லில் வழுக்கித் தண்ணீருக்குள் பொத்தென்று விழுந்துவிட்டாய். அவள் உன்னைப் பார்த்துத் திரும்பிச் சிரித்த நேரம் அவர் எடுத்துவிட்டார். பிலிம் கப்பலேறிப் போய்க் கழுவி வருவதற்குள் நாங்கள் அதை மறந்தே போனோம். வந்தபோது கலர்ப் படம். குளத்துத் தண்ணீர் நீலம், சேலை சிவப்பு, அவளுடைய கன்னம் கொய்யாப்பழத்தை வெட்டினால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். அக்கா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, நான் இப்பிடியே இருக்கிறன்?"

"ஓம் பிள்ளை, இப்பிடித்தான்."

"அப்ப கரி மாதிரி இல்லை."

"ஆர் சொன்னது கரி எண்டு?"

அவள் படத்தை அலுமாரிக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள். தலை வாரும்போது கண்ணாடியையும் பார்ப்பாள், படத்தையும் பார்ப்பாள். நான் கண்டும் காணாதது போல இருந்தேன்.

தரகர் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூட மாஸ்டர், நல்ல குணம், சாதகமும் பொருந்துகிறது, பெண்ணின் படம் ஒன்று கேட்கிறார்கள் என்றார். எங்களிடம் இருந்த ஒரே படத்தைக் காட்டினோம். "ஐயோ, நிறம் தெரியிற படம் வேண்டாம், சாதாரணப் படமா ஒண்டு தாங்கோ" என்றார். நீ அப்போது லீவில் வந்து நின்றாய். அக்காவிடம், படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனாய். அவளும் சந்தோஷமாகத் தந்தாள்.

நீ ஏன் அவ்வளவு அவசரப்பட்டாய் என்றும் எனக்குத் தெரியும், தம்பி. நீ சொல்லவில்லை. ஆனால் லீவில் வந்தபோதெல்லாம் தபாற்காரனுக்காகப் படலையில் காத்து நின்றதை நான் பார்த்தேன். கொழும்பில் உனக்கு விருப்பமான ஒரு பிள்ளை இருக்கிறாள். அக்கா வீட்டில் இருக்க நீ எப்படி முந்திக் கட்டுவது என்று நீ புழுங்குகிறாய். அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்? இரண்டு பக்கமும் இழுபட்டு நின்றவன் நீ. அதனால்தான் படம் வந்தபோதும் நான் உன்னை ஏசவில்லை.

நீ அனுப்பிய உறையை அக்காதான் பிரித்தாள். பெரிதாக்கிய கலர்ப் படம் வரும் என்று பார்த்திருந்தவள் அவள். உள்ளே இருந்தது கறுப்பு வெள்ளைப் படம். கூட வைத்த கடிதத்தில், ஸ்டூடியோக்காரர் கமராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கலர்ப் படத்தைத் திரும்பப் படம் பிடித்தார், அப்படிப் பிடித்தால் சிவப்பெல்லாம் வெளுத்துப் போகும், இதையே அனுப்புங்கோ, மிச்சத்தை நேரில் கதைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். கெட்டிக்காரத்தனமான வேலைதான். கன்னத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை, ஆண்பிள்ளைகளுக்கு அது கண்ணில் படாது. சிவப்பெல்லாம் போகும் என்றால் சேலையின் சிவப்பும்தானே போகும்? குங்குமப் பொட்டும்தானே போகும்? பொட்டு இல்லாமல் போனது ஸ்டூடியோக்காரருக்கு விளங்கியிருக்கிறது. மையால் ஒரு வட்டம் போட்டு விட்டிருந்தார். சேலைக்கு அவர் என்ன செய்வார்? கட்டாத பெண்ணுக்கு வெள்ளைச் சேலை உடுத்திவிட்டது போல ஆகிவிட்டது. உதடும் வெளிறி, தண்ணீரும் இருண்டு, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை யாரையோ பறிகொடுத்துவிட்டு நிற்பவள் போல இருந்தாள்.

அக்கா அழவில்லை. "வடிவான பொம்பிளைதான்" என்றாள். "இவாவையே கட்டிக் குடுங்கோ. என்னை விடுங்கோ."

"அப்பிடிச் சொல்லாத பிள்ளை. தம்பி உன்ரை நன்மைக்குத்தானே செய்தவன்."

"ஓம். எல்லாரும் என்ரை நன்மைக்குத்தான் என்ரை முகத்தை எடுக்கினம்."

ஐயாவும் நானும் அன்று முழுவதும் அனுப்புவதா வேண்டாமா என்று தர்க்கப்பட்டோம். மறுநாள் தரகர் வந்து படத்தைக் கண்டதும், "இது போதும், இது போதும்" என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். ஓடிப்போய் மறித்துத் திருப்பி வாங்கியிருக்கலாம். நாங்கள் மறிக்கவில்லை. களைத்த மனிதர்களுக்கு ஒரு காரியம் தன்பாட்டில் நடந்து முடிந்தால் போதும் என்று இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வந்த அன்று வெயில் நெருப்பாக எரிந்தது. நான் பவுடர் டின்னை எடுத்து அவளுடைய கன்னத்தில் அப்பி அப்பிப் பூசினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பொம்மை போல இருந்தாள். பிறகு தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனாள். அடுப்பு வெக்கையில் வியர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்து, வெள்ளையடித்த சுவரில் மழை பெய்தது போல ஆகிவிட்டது. நான் திரும்பவும் டின்னை எடுத்தேன். "போதும் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். துடைக்கவும் இல்லை. ஈர முகத்தோடு தட்டை ஏந்திக்கொண்டு சபைக்குள் போனாள்.

மாப்பிள்ளையின் தாய் முதலில் தேத்தண்ணியை எடுத்தார். பிறகு நிமிர்ந்தார். எடுத்ததைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்கு அனுப்பின படத்தில இது இல்லையே."

"வெளிச்சம் அம்மா, வெளிச்சம்" என்றார் தரகர். "படத்தில சில நேரம் விழாது."

"அப்ப, இந்த வெள்ளைச் சேலை ஏன்?"

உன் ஐயா அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், "படத்தில இல்லை. முகத்தில இருக்கு. பிறந்ததில இருந்து இருக்கு. சேலையும் சிவப்புத்தான்" என்றார். அவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் இருந்து, மழை தண்ணி, விளைச்சல் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். மாஸ்டர் போகும்போது அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே நான் நினைத்தேன், அந்தப் பிள்ளை கெட்டவன் இல்லை என்று.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனி வருவதுதான் உனக்குச் சரியாகத் தெரியாதது.

நெல்லுக்குப் பசளை உரம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை மாஸ்டர் தனியே பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பெல்லாம் சேறு. படத்தைத் திருப்பித் தர வந்ததாகச் சொன்னார். படம் திருப்பித் தர யாரும் அவ்வளவு தூரம் வருவார்களா? ஐயா அவரைக் கூப்பிட்டு இருத்தினார். அவர் அக்காவோடு கொஞ்சம் கதைக்கலாமா, நீங்களும் இருங்கோ என்று கேட்டார். நாங்களும் இருந்தோம். அவர் நேராகவே பேசினார்.

"அம்மாவுக்கு மனம் இல்லை. ஆனா நான் சொன்னாக் கேப்பா. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்கள் அண்டைக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிண்டது எனக்குப் பிடிச்சிருந்தது."

தம்பி, நான் அந்த நேரம் மனதுக்குள் நேர்த்திக்கடன் வைத்துவிட்டேன். ஐயாவின் முகமும் மலர்ந்துபோனது. அக்காவும் கூடத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவள் சம்மதிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் சம்மதித்திருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"ஊராக்களுக்குத்தான் ஒரு வழி பண்ண வேணும்" என்றார் அவர். "அம்மா இந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டிப்போட்டா. கலியாணப் படமும் இதே மாதிரி எடுத்தமெண்டால் பிரச்சினை இல்லை. அந்தக் கொழும்பு ஸ்டூடியோ எதெண்டு தம்பியிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. ஊருக்குப் போகேக்கை பவுடரும் கொஞ்சம் போட்டாச் சரி. பிறகு போகப் போகப் பழகீடும்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தாயையும் சமாளித்து, ஊரையும் சமாளித்து, இவளையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்து சொன்னார். அவருடைய குரலில் உன்னுடைய குரலைத்தான் நான் கேட்டேன்.

"நீங்கள் நல்ல ஆள்" என்றாள் அக்கா. "எனக்கு விளங்குது. ஆனா என்னால ஏலாது."

"நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை. மனதில இருந்ததைச் சொன்னீங்கள். நானும் சொல்லுறன். இஞ்சை வயலுக்குள்ள நிண்டா எனக்கு இந்த முகம் ஞாபகமே வாறேல்லை. உங்களோட வந்தா ஒவ்வொரு நாளும் ஞாபகம் வைச்சிருக்க வேணும். கோயிலுக்குப் போகேக்கை, படம் எடுக்கேக்கை, ஆக்கள் வரேக்கை. நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பிறந்து அதுக்கும் இப்பிடி இருந்தா, அதுக்கும் நான்தானே பவுடர் பூச வேணும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது என்மேல் உள்ள இரக்கத்தினால் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் படத்தை மேசையில் வைத்தார். தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். ஐயா அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வரும்போது ஐயாவின் கண் சிவந்திருந்தது. தூசி என்றார்.

அன்றே நான் அவளைக் கூப்பிட்டு வைத்து அழுது குளறி, என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கி, அவளைச் சம்மதிக்க வைத்திருக்கலாம். என்னால் அது முடிந்திருக்கும். நீயும் அதைத்தான் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறாய். ஒருவர் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அவ்வளவு தெளிவாக விளங்கிய பிறகு, விளங்காதவள் போல நடித்து அழுவதற்கு எனக்கு வயது போய்விட்டது, தம்பி. கலியாணம் முடிந்திருந்தால் எங்களுக்கு ஆறுதல், உனக்கு வழி பிறந்திருக்கும், ஊர்வாய் அடங்கியிருக்கும். இத்தனை பேருடைய பாரத்தையும் அவள் ஒருத்தி தன் கன்னத்தில் பவுடரோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்திருக்கும். அவள் சுமந்துமிருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அக்கா கிழிக்கவில்லை, "தம்பி மினக்கெட்டுச் செய்தது, அவனிட்டையே இருக்கட்டும்" என்றாள். கலர்ப் படத்தைத்தான் கேட்கிறாள். அது உன்னிடம் இருக்கிறதோ, ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டாயோ தெரியாது. விட்டிருந்தால் போய்க் கேட்டு வாங்கி வை. தொலைந்துபோய்விட்டது என்று மட்டும் எழுதிவிடாதே.

இனி உன் காரியம். நீ வாய் திறந்து கேட்க மாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன். அந்தப் பிள்ளையைக் கட்டு. அக்காவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதை நானாகச் சொல்லவில்லை, போன கிழமை நெல்லுக்குள் நின்று களை பிடுங்கும்போது அவளே சொன்னாள். "தம்பியை மறிச்சு வைச்சிருக்காதேங்கோ, அம்மா. நான் ஒருத்தருக்கும் வழி மறிக்கிற மதகடைப்பு இல்லை" என்றாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டதற்கு, ஊருக்கு நான் மறுமொழி சொல்லுறன் என்றாள். ஐயாவும் சம்மதித்துவிட்டார். சம்மதித்தார் என்பதைவிட, தலையாட்டிவிட்டுப் படுத்துவிட்டார் என்பதுதான் சரி. அவருக்கும் களைப்பு. பெண் வீட்டாருடன் நாள் பார்க்கும்போது அறுவடை கழிந்த நாளாகப் பார். அறுத்த கதிரைச் சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு என்றால் நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாக ரயில் ஏறலாம். பெண்ணுக்கான கூறைச் சேலைத் தட்டை அக்காதான் ஏந்தி வர வேண்டும். பெண்ணின் தாய் தகப்பனுக்கு அவளைப் பற்றி இப்போதே சொல்லிவை. அவர்கள் முகம் சுளித்தால் கலியாணத்துக்கு முன்பே சுளித்து முடிக்கட்டும்.

ஆனால் கலியாணச் செய்தியை அக்காவுக்குக் கடிதத்தில் எழுதாதே. லீவு எடுத்துக்கொண்டு வந்து, முன்னால் இருந்து சொல். அவள் ஏசமாட்டாள். நீ வந்தால் இருக்கச் சொல்லுவாள், சாப்பிடச் சொல்லுவாள், கொழும்பில் மெலிந்துபோனாய் என்பாள். அவ்வளவோடு தப்பினேன் என்று எழும்பி விடாதே. கொஞ்சம் பொறுத்து இரு. அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொல்லுவாள். என்ன சொல்லுவாள் என்று எனக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும், குறுக்கே ஒன்றும் பேசாமல், அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேள்.

அம்மா